ஷமீம் ஆன்ட்டி வீட்டு நீச்சல் குளத்துக்கு நான் வாங்கிய மோட்டார்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர் சொல்லவே கூடாத ஒரு சொல் இருக்கிறது. 'தெரியாது' என்பதுதான் அது. மற்றவர்கள் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லலாம். நாம் ஒரு முறை சொன்னால் போதும், "இவ்ளோ படிச்சிட்டு இது தெரியாதா?" என்று வீடே வாயைப் பிளக்கும்.

எங்கள் பரம்பரையில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தின் உட்பக்கத்தைப் பார்த்ததில்லை. (அம்மா பார்த்திருக்கிறார், ஓட்டுப் போடப் போனபோது.) அதனால் ஏழாவது படிக்கும்போதே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் நான்தான் படிக்க வேண்டும். கரண்ட் பில்லும் நான்தான், பத்திரமும் நான்தான். கல்லூரி முடித்து வந்த பிறகு மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் சேர்ந்துகொண்டன. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். நாலு வருடத்தில் நான் தொட்ட மிகப் பெரிய மின்சாரம் ஒன்பது வோல்ட் பேட்டரி. ஆனால் எங்கள் தெருவில் இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான். அதற்குள் ஜாதி பிரிக்க மாட்டார்கள்.

இப்போது யோசித்தால் அலுப்பாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. யாராவது "சுகன்யா, இது இன்னான்னு பாரேன்" என்று வந்து நின்றால் உள்ளுக்குள் ஒரு அடி உயர்ந்துவிடுவேன். அந்த ஓரடி உயரத்திலிருந்துதான் நான் அந்த மோட்டாரை வாங்கினேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். அவர் பெயர் ஏழுமலை. ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் பத்தொன்பது வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். ஊறிய தோலை எடுத்து எடுத்து விரல்களில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தால், இப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை என்று அந்தக் கருவி சாதிக்கும். இரவில் கை வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஷாப்பு முதலாளி நல்லவர். இந்தக் கையைப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்கு வந்துடு, தோட்டத்தையும் நீச்சல் கொளத்தையும் பாத்துக்கோ" என்று மாற்றிவிட்டார். ஆறு மாதத்தில் ரேஷன் கடைக் கருவிக்கு அப்பாவை அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு அவர் சர்க்கரையோடு மிக்சரும் வாங்கி வந்தார்.

முதலாளி அந்தக் குளத்தைக் கட்டியது தன் இரண்டு பிள்ளைகளுக்காக. அவர்கள் நீந்திப் பழகி, படித்து, வெளிநாடு போய், பிள்ளை குட்டிகளோடு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். மிச்ச நாட்களில் அதில் நீந்துவது வேப்பிலைகள்தான். முதலாளியின் மனைவி ஷமீம் ஆன்ட்டிக்கு அந்தக் குளத்தைக் கண்டாலே ஆகாது. குடிதண்ணீர் லாரிக்கு ஊரே குடத்தோடு நிற்கிற இடத்தில் வீட்டுக்குள் ஒரு குளம் எதற்கு என்பார். அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் என் அப்பாவின் கைதான்.

ஒரு மே மாதம் குளத்து மோட்டார் எரிந்துபோனது. சென்னைக் கம்பெனிக்காரர்கள் வருவதற்குப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பேரப்பிள்ளைகள் வருவதற்கோ ஐந்தே நாள். தண்ணீர் பச்சையாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது. மட்டமும் ஓரடி இறங்கியிருந்தது. ஷமீம் ஆன்ட்டி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம பசங்க வரும்போது தண்ணி நீலமா ஓடிட்டு இருக்கணும் ஏழுமலை. இல்லன்னா திங்கக்கெழம நாலு லாரி மண்ணு கொட்டி மூடிட்டு ரோஜாச் செடி வெச்சுடறேன். இந்த பேஜாரே வேணாம். நீ பழையபடி ஷாப்புக்கே போய்டு."

அப்பா ஷாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். பிறகு சொன்னாராம்: "கம்பெனி எதுக்கும்மா? எம் பொண்ணு இன்ஜினியரு. அதுவே பாத்து வாங்கிடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தடை செய்யப்பட்ட அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு முழுதாகப் பத்து விநாடி அவகாசம் இருந்தது.

"பாத்துக்கலாம்ப்பா" என்றேன்.

மறுநாள் போய்ப் பழைய மோட்டாரைப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி, உள்ளே குப்பை பிடிக்க ஒரு கூடை. விவரத் தகட்டைக் குளோரின் தின்றிருந்தது. அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது ஒரு ஹெச்பின்னு அந்த சென்னை ஆளு சொன்னான்" என்றார்.

"அதனாலதான் எரிஞ்சிருக்கு" என்றேன் நான்.

இதற்கு எங்கள் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் போர் மோட்டார் எரிந்தாலும் அடுத்து வாங்குவது அதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். ஒன்று போனால் ஒன்றரை. ஒன்றரை போனால் இரண்டு. பாலாறு காய்ந்து கிடக்கிற ஊரில் தண்ணீர் வருடா வருடம் கீழே போகும், மோட்டார் மேலே போகும். நான் பிறந்ததிலிருந்து சின்ன மோட்டார் வாங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஆறடிக்குள், கண்ணெதிரே, கையால் அள்ளுகிற தூரத்தில் நிற்கும்போது இந்தக் கணக்கு செல்லாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, நான் படிக்கவும் செய்தேன். செல்போனில் நாலு வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன். 'தண்ணீர் வடிகட்டும் பில்டர் தாங்கும் அளவுக்கு மேல் பம்பு போடக் கூடாது' என்று ஒருவர் சொன்னதை எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டுவிட்டால் படித்தாயிற்று என்று அர்த்தம். நாலு வருடக் கல்லூரியில் நான் கற்றதன் சாரம் அது.

வியாழக்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறினேன். லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் டூவீலர்களுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நடந்து, பக்கத்துச் சந்தில் இருந்த மோட்டார் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நெற்றி வியர்வை காதில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"இன்னா வேணும் பாப்பா?"

"ஸ்விம்மிங் பூலுக்கு மோட்டார் வேணும்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி என் காலைப் பார்த்தார். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரிலிருந்து வந்தவள் நான். என் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. பிறகு கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

"யாரு வூட்ல வேல செய்றீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் எனக்கு உள்ளே சுர்ரென்றது. பதினாறு வருடப் படிப்பு, ஏழு சான்றிதழ், கல்லூரியில் வாங்கிய ஒரு கேடயம் எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"எங்க வீட்டுக்குத்தான்."

"அடடா, உக்காருங்க மேடம்." மின்விசிறி என் பக்கம் திரும்பியது. டீ வந்தது. "கொளம் எவ்ளோ பெருசு மேடம்?"

"முப்பதுக்குப் பன்னெண்டு."

"அப்ப ஒரு ஹெச்பி தாராளம்." அவர் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். எரிந்துபோனதற்குத் தம்பி மாதிரி இருந்தது. அதே கறுப்பு, அதே கண்ணாடி மூடி.

"பிளாஸ்டிக்கா?"

"நீச்சல் கொளத்துக்குன்னே வர்றது மேடம். குளோரினுக்குத் துரு பிடிக்காது. ஒங்க பில்டர் இன்னா சைஸ்?"

வீட்டுக்காரிக்குத் தன் வீட்டு பில்டரின் அளவு தெரியாமல் இருக்கலாம். இன்ஜினியருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நானோ இரண்டும்.

"பெருசுதான்" என்றேன். பேச்சை மாற்ற மூலையில் கையைக் காட்டினேன். அங்கே பச்சை பெயின்ட் அடித்த ஓர் இரும்பு மோட்டார் எருமைக்கன்று மாதிரி படுத்திருந்தது. "அது?"

"அது மூணு ஹெச்பி மேடம். வெவசாயத்துக்கு. அணைக்கட்டு ஊருப் பக்கத்து ஆளுங்க கெணத்துக்கு வாங்கினு போவாங்க."

"அதையே குடுங்க."

"மேடம், தண்ணி பக்கத்துலயே நிக்குது. இவ்ளோ பலம் எதுக்கு?"

"நான் இன்ஜினியர். புளோ ரேட் கணக்கு போட்டுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி தொங்கவிட்டார். "அப்ப சரி. ஒங்க வீடு, ஒங்க கணக்கு."

சொன்ன விலையை ஷமீம் ஆன்ட்டி கொடுத்தனுப்பிய கவரிலிருந்து எடுத்து, மறு பேச்சு இல்லாமல் கொடுத்தேன். நாளைக்கே மெக்கானிக் வண்டியில் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பார் என்று சொல்லி விலாசம் வாங்கிக்கொண்டார். நான் ராணி மாதிரி இறங்கிப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போதுதான் உறைத்தது. மெக்கானிக் 'என் வீட்டுக்கு' வருவார். என் வீட்டுக் கேட்டைத் திறக்கப் போவது என் அப்பா.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் திட்டம் இதுதான். ஷமீம் ஆன்ட்டி வெள்ளிக்கிழமை வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார், சாயங்காலம்தான் வருவார். நானே கேட்டில் நின்று மெக்கானிக்கைப் பிடித்து, அப்பாவைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து அனுப்பிவிட வேண்டும். இதற்காகக் கல்லூரிப் பிரிவு விழாவுக்குப் போட்ட சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "மோட்டார் மாட்டப் போறியா, மால மாத்தப் போறியா?" என்றார்.

மெக்கானிக் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். நான் காகிதப்பூச் செடிக்குப் பின்னால் இருந்தேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறப்பது தெரிந்தது.

"பெரியவரே, சுகன்யா மேடம் வூடு இதானே?"

அப்பா அவரைப் பார்த்தார். செடிக்குப் பின்னால் பளபளவென்று நின்ற என்னைப் பார்த்தார். அவர் முகம் அசையவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் பத்தொன்பது வருடம் நின்றவருக்கு எதற்கும் முகம் அசையாது.

"ஆமாங்க. மேடம் உள்ளதான் இருக்காங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கொஞ்சம் குனிந்து, "மேடம், மோட்டார் வந்திருக்குதுங்க" என்றார்.

அந்த நிமிடம் குளத்தில் போதிய தண்ணீர் இருந்திருந்தால் குதித்திருப்பேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மெக்கானிக் சேகர் நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. அப்பாவை அந்த ஸ்பேனரை எடு, இந்தக் குழாயைப் பிடி என்று வேலை வாங்கினார். நான் ஒரு நாற்காலியில் மேடமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து உதவப் போனால் அப்பா, "நீங்க உக்காருங்க மேடம், வெயிலு" என்று உட்கார வைத்தார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

"மேடம், மெயின் சுவிட்ச் எங்க இருக்குது?" என்று சேகர் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மேடம் அதெல்லாம் பாக்க மாட்டாங்க. வாங்க, நான் காட்றேன்" என்றார் அப்பா.

போகும்போது சேகர் கேட்டது எனக்கும் கேட்டது. "எத்தன வருசமா இங்க வேல?"

"மூணு வருசம்."

"மேடம் எப்டி? நல்லா பாத்துக்கறாங்களா?"

"கோவம் ஜாஸ்தி. ஆனா மனசு நல்ல மனசு. ஒரொரு நாளு அவங்க கையாலயே தோச ஊத்திக் குடுப்பாங்க."

"அப்டியா!" திரும்பி வந்த சேகர் என்னை மரியாதையோடு பார்த்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க, பெரியவருக்கு சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுங்க. இந்த மாதிரி ஆளு இப்பல்லாம் கெடைக்கறதில்ல." அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

மோட்டாரை மாட்டி, அதன் வாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகு சேகர் பில்டர் தொட்டியை விரல் முட்டியால் தட்டினார். ஆள் இடுப்புயர மஞ்சள் தொட்டி அது, உள்ளே வடிகட்டும் மணல்.

"மேடம், பில்டர் ரொம்ப சின்னதா இருக்குது. இந்த மோட்டாருக்கு இது தாங்காது."

"தாங்கும். போடுங்க."

அப்பா மெதுவாக ஓரடி முன்னால் வந்தார். "மேடம், அது பழசுங்க. பழைய மோட்டாருக்கே உள்ள லேசா முனகும். தெனம் நான் கேப்பேன். வேணாங்க."

படிக்காத என் அப்பா, காதால் கேட்டே, நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்குத் தெரியாது."

அதை மேடமாகச் சொன்னேனா, மகளாகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. அப்பா "சரிங்க" என்று பின்னால் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் கார் நின்றது. கல்யாணத்தில் தலைவலி வந்து ஷமீம் ஆன்ட்டி பாதியிலேயே திரும்பிவிட்டார். ரோஜா நிறப் பட்டுப் புடவை, மூக்குக் கண்ணாடி, கையில் ஜரிகைப் பை. "வந்துச்சா மோட்டார்? போடு, பாக்கறேன்" என்று குளத்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றார். அவர் யார் என்று சேகரிடம் சொல்ல எனக்கு நேரமில்லை, தைரியமும் இல்லை. சேகர் சுவிட்சைப் போட்டார்.

குளத்துச் சுவரில் தண்ணீர் திரும்பி வரும் வாய்கள் சாதாரணமாக நீருக்குள் மறைந்திருக்கும். மட்டம் ஓரடி இறங்கியிருந்ததால் அவை வெளியே தெரிந்தன. முதலில் காற்று உஸ்ஸென்றது. பிறகு இரண்டு வாயிலிருந்தும் தண்ணீர் வில் மாதிரி வளைந்து, குளத்தின் பன்னிரண்டடி அகலத்தையும் தாண்டி, ஷமீம் ஆன்ட்டியின் செருப்புக்கு அருகில் விழுந்தது.

"பரவால்லயே!" என்று ஆன்ட்டி சிரித்தார். "நல்ல போர்ஸு!"

என் வாழ்க்கையின் மிக உயர்ந்த மூன்று விநாடிகள் அவை. பில்டரின் அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கப்பால் போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ மடமடவென்று முறிந்தது. வில் பழுப்பானது. தொட்டிக்குள் இருந்த மணல் முழுவதும், வருடக்கணக்கில் அது பிடித்து வைத்திருந்த அழுக்கோடு, அந்த வழியாக வெளியே கிளம்பியது. வேகம் இன்னும் கூடியது. இந்த முறை செருப்போடு நிற்கவில்லை.

"யோவ், ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று சேகர் கத்தினார். அப்பா ஓடினார்.

சத்தம் அடங்கியது. குளம் பாலாற்றில் வெள்ளம் வந்த நிறத்தில் இருந்தது. எதிர்க்கரையில் ஒரு மணல் சிலை நின்றது. அது மெல்லக் கண்ணாடியைக் கழற்றியது. கண் இருந்த இடம் மட்டும் இரண்டு வட்டமாகச் சுத்தமாக இருந்தது.

சேகர் பதறிப்போய் என்னிடம் வந்தார். "மேடம், ஒங்க கெஸ்ட்டு மேல எல்லாம் மண்ணு அடிச்சிருச்சு மேடம்!"

"கெஸ்ட்டா?" என்றது சிலை. "யாரு, நானா? ஏழுமலை, யாரு இந்த ஆளு?"

"அம்மா, நீங்க சொல்லுங்க, எம்மேல தப்பு இல்ல. வீட்டு மேடம் போடச் சொல்லித்தான் போட்டேன்."

"எந்த வீட்டு மேடம்?"

சேகரின் விரல் என்னைக் காட்டியது. அப்பா நடுவில் வந்து தன்னால் ஆனதைச் செய்தார். "அவங்க பெரிய மேடம், இவங்க சின்ன மேடம்..."

ஷமீம் ஆன்ட்டி நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து மணல் கொட்டியது. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என் வீட்ட எப்ப வாங்குன, பேட்டா?"

நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ரப்பர் செருப்பு, எங்க வீட்டுக்குத்தான் என்றது. சேகர் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, யோவ்னு சொல்லிட்டேன்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து வீட்டுக்குள் போகும்போது அப்பாவிடம் மட்டும் சொன்னார்: "திங்கக்கெழம மண்ணு லாரி வரும். ஷாப்புல நான் சொல்லிடறேன்."

வீட்டுக்கு மொபெட்டில் திரும்பும்போது அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஒன்ன அப்டிப் பேசியிருக்கக் கூடாதுப்பா."

"எத?"

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு."

அப்பா வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கினார். "மேடம்னா அப்டித்தான் பேசணும். நீ கொஞ்சம் கம்மியாத்தான் பேசுன" என்றார்.

சனிக்கிழமை காலையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் குளத்தை வடித்துவிட்டு உள்ளே இறங்கி மணலை அள்ளினோம். மூடப் போகிற குளத்தை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மூடறதா இருந்தாலும் சுத்தமா மூடட்டும்" என்றார் அப்பா. அம்மா மணல் சட்டியை என் தலையில் ஏற்றிவிட்டு, "இதெல்லாம் காலேஜுல சொல்லித் தரலியா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பதில் சொல்வது கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் ஆன்ட்டியின் பணத்தைத் திரும்பக் கேட்க வேலூர் போனேன், அதே ரப்பர் செருப்பில். கடைக்காரர் சேகர் மூலம் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். நான் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தேன். "சார், அது எங்க வீடு இல்ல. எங்க அப்பா அங்க வேல செய்றார்."

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும்."

"எப்படி சார்?"

"சொந்த வூட்டுக்காரங்க யாராச்சும் பேரம் பேசாம வாங்குவாங்களா? ஒரு ரூபா கொறைக்கச் சொல்லலியே நீ. நீச்சல் கொளம் வெச்சிருக்கிறவங்க வந்தா நான் அழுதுடுவேன், அவ்ளோ கேப்பாங்க." பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வேண்டியிருந்தால் வந்து வாங்கிக்கொள் என்று அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார். பச்சை இரும்பு மோட்டாரை மறு நாளே அணைக்கட்டு விவசாயி ஒருவர் வாங்கிப் போனாராம், கிணற்றுக்கு. அங்கே அது இன்றும் நன்றாக ஓடுவதாகக் கேள்வி. எனக்கு அதன்மேல் எந்த வருத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். நீலத் தண்ணீர் இல்லை. பளிச்சென்று கழுவிய காலிக் குளமும், பக்கத்தில் ஒரு மணல் மேடும்தான் இருந்தன. அப்பா துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்தார். பிள்ளைகள் ஒரு நிமிடம் திகைத்துப் பார்த்தன. பிறகு மூத்தவன் உள்ளே குதித்து, "பந்து வெளியவே போகாதுடா!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். சாயங்காலம்வரை அந்தப் பள்ளத்துக்குள் கிரிக்கெட். நடுவர் என் அப்பா. சின்னதுகள் இரண்டும் மணல் மேட்டைவிட்டு இறங்கவே இல்லை. திங்கட்கிழமை மண் லாரி வந்தபோது ஐந்து பேரும் ஸ்டம்பைச் சுற்றி நின்றுகொண்டு வெளியே வர மாட்டோம் என்றார்கள். ஷமீம் ஆன்ட்டி லாரிக்காரரையும் பார்த்தார், பேரன்களையும் பார்த்தார். "வண்டிய எடுத்துனு போப்பா" என்றார். அப்பாவிடம், "ஷாப்புல நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார். புதன்கிழமை பில்டரும் மாற்றி, ஒரு ஹெச்பி பிளாஸ்டிக் மோட்டாரும் மாட்டினார்கள். அது முனகாமல் ஓடியது. அப்பா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.

நான் இப்போது ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் என் பெயர் சுகன்யா இல்லை. "மேடம், கொழாயில தண்ணி வருது, கொடத்த எடுத்தாங்க" என்பார் அம்மா. ரம்ஜானுக்குப் பிரியாணி வாங்கப் போனால் ஷமீம் ஆன்ட்டி வாசலிலேயே கேட்பார், "வீட்ட நல்லா பாத்துக்கறேனா மேடம்? இல்ல, காலி பண்ணணுமா?" சிரித்துச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது. அவர்களுக்கு அலுப்பதாகத் தெரியவில்லை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எங்கள் ஓட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வைத்த கேசரியைத் தொடவில்லை. கடைசியில் கேட்டேவிட்டார்.

"இது வாடகையா? சொந்த வீடு ஏதாச்சும் இருக்குதா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். நான் அப்பாவைப் பார்த்தேன், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் முகம் அசையவே இல்லை.

"எங்களுக்குன்னு ஒண்ணும் இல்லீங்க" என்றார் அப்பா. "பொண்ணுக்குத்தான் இதே ஊர்ல ஒண்ணு இருக்குது. ஸ்விம்மிங் பூலோட."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.